பி.எட்.டுக்குப் பிறகு இணையவழி முதுகலை: மைசூருவை முன்வைத்து முக்கியக் குறிப்புகள்

நெட், செட், டெட், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு என்று எதற்குப் படித்தாலும் ஆசிரியர் கல்வி, தொலைநிலைக் கல்வி என்ற இரண்டு தலைப்புகளைத் தாண்டிப் போக முடியாது. இரண்டும் ஒரே ஊரில் சந்திப்பது மைசூருவில். தென் மாநிலங்களுக்கான வட்டாரக் கல்வி நிறுவனமும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கின்றன. பி.எட். முடித்து, பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே கல்வியியலில் ஒரு முதுகலைப் பட்டம் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள், தேர்வுக்காக மட்டுமின்றித் தங்கள் சொந்த முடிவுக்காகவும் இந்தக் குறிப்புகளைப் படிக்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மொத்தமாகக் கிடைத்துவிடுவதில்லை. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்தக் கல்வியாண்டு என்ற மூன்றும் பொருந்தினால்தான் பட்டம் செல்லும். கீழே வரும் குறிப்புகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்கான சான்றுகள்.

எம்.எட். வேறு, எம்.ஏ. கல்வியியல் வேறு

● எம்.எட். ஒரு தொழிற்படிப்பு. அதை நடத்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின், அதாவது என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் வேண்டும். எம்.ஏ. கல்வியியல் என்பது வரலாறு, பொருளியல் போன்ற ஒரு கல்விப்புலப் பட்டம். அது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்குள் வருகிறது. விளம்பரங்கள் இரண்டையும் ‘கல்வியியல் முதுகலை’ என்று ஒரே பெயரில் கலந்து எழுதுகின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

● என்.சி.டி.இ. சட்டம் 1993இல் நிறைவேறியது. குழுமம் சட்டபூர்வ அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 17. அதற்கு முன் 1973 முதல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பாக மட்டுமே இருந்தது. இந்த ஆண்டுகளை மாற்றிப் போட்டுக் கேள்வி கேட்பது வழக்கம்.

● இப்போது அடிப்படையாக இருப்பவை 2014ஆம் ஆண்டு விதிமுறைகள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது; அதன் தொடர்ச்சியாக 2015-16 முதல் பி.எட்.டும் எம்.எட்.டும் இரண்டு ஆண்டுப் படிப்புகளாயின.

● அந்த விதிமுறைகளின் பிற்சேர்க்கையில் 15 வகை ஆசிரியர் கல்விப் படிப்புகளுக்கான நெறிகள் உள்ளன. அவற்றில் திறந்தநிலை, தொலைநிலை முறைக்குத் தனி நெறி இருப்பது இரண்டுக்குத்தான்: தொடக்கக் கல்விப் பட்டயம், பி.எட். எம்.எட்.டுக்கு அப்படி ஒரு நெறி கிடையாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் சுருக்கமாக இக்னோ என்பது, ஒரு காலத்தில் தொலைநிலையில் எம்.எட். நடத்தியது உண்மை. அதைக் கேள்விப்பட்ட பலர் இன்றும் அது கிடைக்கும் என்று தேடுகிறார்கள். 2014 விதிமுறைகளில் இல்லாத ‘இணையவழி எம்.எட்.’ ஒன்றை யாராவது விற்றால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

● எம்.எட். ஏன் நேரடி வகுப்பிலேயே இருக்கிறது? விதிகளைப் பார்த்தால் விடை தெரியும். கருத்தியல் பாடங்களுக்கும் செய்முறைக்கும் 80 விழுக்காடு வருகை, களப்பணிக்கு 90 விழுக்காடு வருகை, ஆண்டுக்கு 200 வேலைநாள், ஒரு பிரிவுக்கு 50 மாணவர்கள், கட்டாய ஆய்வேடு. ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப் போகிறவரை உருவாக்கும் படிப்பு என்பதால், ஆசிரியர் கல்வி நிறுவனத்திலேயே களப் பயிற்சியும் உண்டு. இதில் பாதியைக்கூடத் திரைவழி செய்ய முடியாது. வேலையில் இருக்கும் ஆசிரியருக்கு இந்த விதி கடினமானதுதான். ஆனால் காரணமில்லாத விதி என்று சொல்ல மாட்டேன்.

● சேரத் தகுதி: பி.எட்., அல்லது நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டம், அல்லது பட்டப்படிப்போடு தொடக்கக் கல்விப் பட்டயம். எதுவாயினும் குறைந்தது 50 விழுக்காடு.

● 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. புதிய விதிமுறைகளின் வரைவை வெளியிட்டது. ஓராண்டு முழுநேர எம்.எட்., பணியில் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு பகுதிநேர எம்.எட். ஆகியவை அதில் இருந்தன. வரைவு வேறு, அறிவிக்கை வேறு. தேர்வில் கேட்டாலும் சரி, சேர்க்கைக்குப் போனாலும் சரி, இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

மைசூருவின் நிறுவனங்கள்

● மைசூர்ப் பல்கலைக்கழகம்: 1916 ஜூலை 27. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் எம். விஸ்வேஸ்வரய்யா. பிரிட்டிஷ் நேரடி ஆட்சிக்கு வெளியே, ஒரு சமஸ்தானத்தில் தொடங்கப்பட்ட முதல் பல்கலைக்கழகம் இது. வளாகத்துக்கு மானசகங்கோத்ரி என்று பெயரிட்டவர் அங்கே துணைவேந்தராக இருந்த கவிஞர் குவெம்பு.

● திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை மைசூரு மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். அங்கிருந்துதான் கல்கத்தா போனார். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்பது எல்லோருக்கும் தெரியும். மைசூரு ஆண்டுகள் பலருக்குத் தெரியாது, அதனாலேயே கேட்கப்படும்.

● வட்டாரக் கல்வி நிறுவனம்: 1963 ஆகஸ்ட் 1 அன்று வட்டாரக் கல்விக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூரு என்று நான்கு. பின்னால் மேகாலயாவின் உமியத்தில் ஐந்தாவது. மைசூரு நிறுவனத்தின் எல்லைக்குள் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு வருகின்றன. ஆகவே நமக்கும் அது சொந்த நிறுவனம்தான். பட்டம் தருவது மைசூர்ப் பல்கலைக்கழகம்.

● இந்த நான்கு கல்லூரிகள் ஏன் தோன்றின என்பதில் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. 1952-53இல் இடைநிலைக் கல்வி ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆ. லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர். ஏட்டுக்கல்வியோடு தொழில், வேளாண்மை, வணிகம் போன்ற பிரிவுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பல்நோக்குப் பள்ளிகளைத் தொடங்கச் சொன்னது அந்த ஆணையம். பள்ளிகள் வந்தன, கற்பிக்க ஆள் இல்லை. அந்த ஆசிரியர்களை உருவாக்கவே வட்டாரக் கல்லூரிகள் வந்தன. பல்நோக்குப் பள்ளித் திட்டம் தேய்ந்து போய்விட்டது. ஆனால் மைசூரு நிறுவனத்தோடு இணைந்த பள்ளியின் பெயர் இன்றும் ‘செயல்விளக்கப் பல்நோக்குப் பள்ளி’தான்.

● பாடமும் பயிற்சியும் இணைந்த நான்காண்டுப் படிப்பு இந்தக் கல்லூரிகளின் அடையாளம். 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் ஆசிரியராவதற்கான குறைந்தபட்சப் பட்டமாக நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டை ஆக்கச் சொல்கிறது. புதிய யோசனை என்று அறிமுகமாகும் இது, மைசூருவில் 1963லிருந்தே நடந்துவருவது. இதோடு ஆறாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. எட். படிப்பையும் அந்த நிறுவனம் நடத்துகிறது.

● இன்னொன்று, நம் தலைப்புக்கு நேரடியாக வேண்டியது. 1960களின் பிற்பாதியில் இந்த நான்கு வட்டாரக் கல்லூரிகளும் ‘கோடைப் பள்ளியும் அஞ்சல்வழியும்’ சேர்ந்த பி.எட். ஒன்றை நடத்தின. பயிற்சி பெறாமலே வேலையில் சேர்ந்திருந்த ஆசிரியர்கள் அப்போது ஏராளம். அவர்களை ஓராண்டு விடுவித்தால் வகுப்பறைகள் காலியாகும். எனவே இரண்டு கோடை விடுமுறைகளில் நேரில் வகுப்பு, இடைப்பட்ட மாதங்களில் தபாலில் பாடம். பணியில் இருக்கும் ஆசிரியருக்குத் தொலைவிலிருந்து கற்பிப்பது என்ற எண்ணத்தை இந்தியாவில் ஒழுங்காகச் செய்து பார்த்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. நேரடி வகுப்பை அவர்கள் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்வந்த அஞ்சல்வழி பி.எட்.கள் பலவும் தபாலை வைத்துக்கொண்டு வகுப்பைச் சுருக்கின. 1990களில் கட்டுப்பாடு வந்ததற்குக் காரணம் அதுதான்.

● இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம்: 1969 ஜூலை 17, மானசகங்கோத்ரி. முதல் இயக்குநர் டி.பி. பட்டநாயக். இதன் தென் மண்டல மொழி மையத்தில் வடமாநில ஆசிரியர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் ஒன்றைப் பத்து மாதப் பட்டயமாகப் படிக்கிறார்கள். செம்மொழித் தமிழுக்கான மையம் முதலில் இந்த வளாகத்தில் இயங்கி, 2008இல் சென்னைக்கு வந்தது.

முக்தகங்கோத்ரி: ஓர் அங்கீகாரத்தின் கதை

● மைசூர்ப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது 1969இல். மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1971; அண்ணாமலை 1979; சென்னை 1981. அதாவது தமிழ்நாட்டின் மூன்று பெரிய அஞ்சல்வழி நிறுவனங்களுக்கும் மூத்தது மைசூரு.

● 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1996 ஜூன் 1 முதல் அந்த அஞ்சல்வழி நிறுவனம் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக ஆனது. வளாகத்தின் பெயர் முக்தகங்கோத்ரி. மானசகங்கோத்ரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

● 2015 ஜூன்: இந்தப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளுக்கு 2012-13க்குப் பின் அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. காரணங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையங்கள். இரண்டு, தனியார் நிறுவனங்களோடு ‘கூட்டு’ ஒப்பந்தம் போட்டு அவர்கள் வழியாகப் பட்டம் வழங்கியது. மூன்று, அனுமதியில்லாத தொழில்நுட்பப் படிப்புகள்.

● அறிவிப்பு வந்தது 2015இல். அது தொட்டதோ 2013-14, 2014-15 ஆண்டுகளில் சேர்ந்தவர்களை. சட்டப்படி அமைந்த ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகம், முறையான ரசீது, முறையான தேர்வு, முறையான மதிப்பெண் பட்டியல்; எல்லாம் இருந்தும் பட்டத்தைக் காட்டி வேலை கேட்க முடியாத நிலை. தவறு செய்தவர்கள் மேசையின் மறுபக்கத்தில் இருந்தார்கள், அலைந்தவர்கள் மாணவர்கள். அடுத்த மூன்று கல்வியாண்டுகளுக்குச் சேர்க்கையே நடக்கவில்லை.

● 2018 ஆகஸ்டில் அங்கீகாரம் திரும்பியது. அதுவும் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் திரும்பவில்லை. முதல் கட்டமாக 17 தொழில்நுட்பம் சாராத படிப்புகளுக்கு, 2018-19 கல்வியாண்டு முதல் என்று வந்தது. தொடக்கத்தில் நான் சொன்ன மூன்று நிபந்தனைகளும் இந்த ஒரே ஆணையில் அடங்கிவிடுகின்றன. இன்று அது, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் ‘ஏ பிளஸ்’ பெற்ற பல்கலைக்கழகம், தேர்வர்கள் தயங்காமல் சேரலாம். ஆனால் சேரும் பாடத்தின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகு.

ஆண்டு வரிசை

● 1840: ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். 1858: லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிமாணவர் திட்டம். 1969: பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அரச சாசனம், கற்பித்தல் தொடங்கியது 1971.

● 1961: அஞ்சல்வழிக் கல்வி பற்றிய நிபுணர் குழு, தலைவர் டி.எஸ். கோத்தாரி. 1962: டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு. 1964-66இன் புகழ்பெற்ற கோத்தாரி ஆணையமும் இந்தக் குழுவும் வேறு வேறு. தலைவர் மட்டும் ஒருவரே.

● 1974: ஜி. பார்த்தசாரதி குழு தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 1982: ஆந்திராவில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இன்றைய அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஹைதராபாத். 1985: இக்னோ. 2002: தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகச் சட்டம்.

● 1991: இக்னோவுக்குள் தொலைநிலைக் கல்விக் குழு. தானும் படிப்பு நடத்தி, போட்டிப் பல்கலைக்கழகங்களையும் தானே ஒழுங்குபடுத்தும் விசித்திரம் 2013 வரை நீடித்தது. அந்த ஆண்டு அதிகாரம் மானியக் குழுவுக்கு மாறியது. தொலைநிலைக் கல்விச் செயலகம் பிறந்தது. தொலைநிலைக் கல்வியின் ஒழுங்குமுறையை ஆராய்ந்த மாதவ மேனன் குழுவின் பெயரும் இந்த மாற்றத்தோடு சேர்ந்தே வரும்.

● 2008: ‘மூக்’ என்ற சொல்லுக்குக் காரணமான இணையப் பாடம், ஜார்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ், கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம். 2017 ஜூலை 9: சுவயம் தளம். காணொளி, படிக்கும் பாடம், விவாத மன்றம், மதிப்பீடு என்ற நான்கு பகுதி அமைப்பு சுவயத்துக்கும் இணையவழிப் பட்டங்களுக்கும் பொது.

2020 விதிமுறைகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை

● முழுப்பெயர்: திறந்தநிலை, தொலைநிலைக் கல்வித் திட்டங்கள் மற்றும் இணையவழித் திட்டங்கள் தொடர்பான பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள். 2020 செப்டம்பர் 4இல் அறிவிக்கை.

● தொலைநிலையும் இணையவழியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. தொலைநிலையில் அச்சுப் பாடம், கற்போர் உதவி மையம், நேர்முக வகுப்பு, ஒப்படைப்பு உண்டு. இணையவழியில் எல்லாமே வலைத்தளத்தில், தேர்வு கண்காணிப்போடு. ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே எம்.ஏ., தொலைநிலையில் அனுமதி பெற்று இணையவழியில் பெறாமல் இருக்கலாம்.

● எல்லைப் பிரச்சினை: மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே உதவி மையம் நடத்தக்கூடாது. இணையவழிப் படிப்புக்கு ஆட்சி எல்லை கிடையாது. கோவையில் வேலை பார்க்கும் ஆசிரியர், மைசூருப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் அனுமதி பெற்ற இணையவழிப் படிப்பில் வீட்டிலிருந்தே சேரலாம். அதே பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்கான மையம் கோவையில் இருப்பதாக யாராவது சொன்னால், 2015ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

● இணையவழிக்குத் தகுதி பெறும் பொது வழிகள்: நாக் மதிப்பெண் நான்குக்குக் குறைந்தது 3.01, அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இடம். மைசூர்ப் பல்கலைக்கழகமும் இணையவழிப் பட்டங்களை நடத்தும் நிறுவனங்களில் ஒன்று.

● தனியாரிடம் உரிமம் கொடுத்துப் பட்டம் நடத்துவதற்குத் தடை. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் தளம், காணொளி போன்றவற்றில் உதவலாம். சேர்க்கை, பாடம், தேர்வு, பட்டம் ஆகிய நான்கும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும். ‘இடம் முடியப் போகிறது, இன்றே பணம் கட்டுங்கள்’ என்று ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுபவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியராக இருக்க மாட்டார்.

● 2022 ஏப்ரல்: ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க மானியக் குழு வழிகாட்டி. 2022 செப்டம்பர்: அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்ற அறிவிப்பு. இந்தச் சமத்துவத்தின் எல்லையைப் புரிந்துகொள்வது முக்கியம். இணையவழி எம்.ஏ. கல்வியியல், நேரடி எம்.ஏ. கல்வியியலுக்குச் சமம். எம்.எட்.டுக்குச் சமம் என்று அந்த அறிவிப்பு எங்கும் சொல்லவில்லை.

● 2022 நவம்பர் முனைவர் பட்ட விதிமுறைகள்: பகுதிநேர ஆய்வு உண்டு, தொலைநிலை அல்லது இணையவழி முனைவர் பட்டம் இல்லை.

பட்டம் எதற்குப் பயன்படும்

● நெட் தேர்வில் கல்வியியல் தனிப் பாடம். முதுகலையில் 55 விழுக்காடு, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. எம்.ஏ. கல்வியியல் படித்தவரும் எழுதலாம், எம்.எட். படித்தவரும் எழுதலாம். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

● அதிகம் பேர் கவனிக்காத குறிப்பு இது. 2014 விதிமுறைகளின்படி பி.எட். கல்லூரியில் ‘கல்வியின் அடிப்படைகள்’ சார்ந்த பாடங்களைக் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கு இரண்டு வழிகள் உள்ளன. சமூக அறிவியலில் முதுகலையும் எம்.எட்.டும், இரண்டிலும் 55 விழுக்காடு. இது முதல் வழி. எம்.ஏ. கல்வியியலும் பி.எட்.டும், இரண்டிலும் 55 விழுக்காடு, இது இரண்டாவது. அதாவது பி.எட்.டுக்குப் பிறகு எம்.ஏ. கல்வியியல் முடித்தவருக்கு ஆசிரியர் கல்விக்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒரு கதவுதான். கணிதம், அறிவியல், மொழி கற்பிக்கும் முறை சார்ந்த பணிகளுக்கு அந்தந்தப் பாடத்தில் முதுகலையோடு எம்.எட். வேண்டும். பழைய பி.எட். மதிப்பெண் 55ஐத் தொடவில்லை என்றால் இரண்டாவது வழி உங்களுக்கு அடைபட்டது; பணம் கட்டுவதற்கு முன் அந்த மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

● தமிழ்நாட்டில் முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அந்தப் பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். எம்.ஏ. கல்வியியல் அதற்கு மாற்று ஆகாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் பணிக்கு முதுகலையோடு எம்.எட். கேட்கிறார்கள்.

● ஊக்க ஊதிய உயர்வு: கூடுதல் பட்டம் வாங்கினால் இரண்டு இன்கிரிமென்ட் என்பது தமிழ்நாட்டு ஆசிரியர் அறைகளில் ஒரு காலத்தில் பெரிய பேச்சு. 2020 மார்ச் 10 அரசாணையோடு அந்த முறை நிறுத்தப்பட்டது. பழைய கணக்கைச் சொல்லிப் பட்டத்தை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பல பள்ளி மாவட்டங்களில் முதுகலை முடித்த ஆசிரியருக்குச் சம்பளப் பட்டியலிலேயே தனிப் படிநிலை உண்டு; அங்கே இணையவழிக் கல்வியியல் முதுகலை பெருகியதற்கு அது முக்கியக் காரணம். இங்கே அந்தக் காரணம் பலவீனமாகிவிட்டது. படிப்பின் பயன் நெட், உதவிப் பேராசிரியர் தகுதி, ஆய்வுப் படிப்பு என்ற திசையில்தான் இருக்கிறது.

● முதுகலையே வேண்டாம், வேலைக்குப் பயன்படும் ஓராண்டுப் படிப்பு போதும் என்பவர்களுக்கு: என்.சி.இ.ஆர்.டி.யின் வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனைப் பட்டயம். ஆறு மாதம் தொலைவிலிருந்து, மூன்று மாதம் நேரில், மூன்று மாதம் களப் பயிற்சி. மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனமும் அதன் மையங்களில் ஒன்று. என் கணிப்பில், பள்ளியில் தொடர்ந்து பணியாற்றப் போகிறவருக்கு ஒரு பொத்தாம்பொதுவான முதுகலையைவிட இது அதிகம் உதவும்.

டெட்டை மறக்க வேண்டாம்

● கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறை 2010 ஏப்ரல் 1. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டைக் கட்டாயமாக்கிய என்.சி.டி.இ. அறிவிக்கை 2010 ஆகஸ்ட் 23. முதல் சி-டெட் 2011 ஜூன். 150க்கு 90 தேர்ச்சி. சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என்ற அறிவிப்பு 2021இல், 2011லிருந்து முன்தேதியிட்டு.

● 2023 ஆகஸ்ட் 11: தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம். பி.எட்.டுக்கு மேல் எத்தனை முதுகலை வைத்திருந்தாலும் இது மாறாது.

● 2025 செப்டம்பர் 1: பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் டெட் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் பணியில் தொடரலாம், டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. டெட் பாக்கி இருக்கும்போது இணையவழி எம்.ஏ.வுக்கு நேரத்தைச் செலவிடுவது வரிசையைத் தலைகீழாக்குவது.

நெட் இரண்டாம் தாளுக்குப் பெயர்கள்

● சார்லஸ் வெடிமேயர்: தற்சார்புக் கற்றல். மைக்கேல் மூர்: பரிமாற்றத் தொலைவு, கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையே மைல் கணக்கில் இருப்பதைவிட உரையாடலும் பாட அமைப்பும் உண்டாக்கும் தொலைவே பெரிது என்பவர். போர்யே ஹோல்ம்பெரி: வழிநடத்தும் உரையாடல். ஓட்டோ பீட்டர்ஸ்: தொலைநிலைக் கல்வி ஒரு தொழில்மயக் கற்பித்தல். சீமன்ஸ்: இணைப்புக் கொள்கை.

● இந்த ஐவரில் மூரை மட்டுமாவது நன்றாகப் படியுங்கள். அஞ்சல்வழி பி.எட்.டில் கோடைப் பள்ளியை ஏன் சேர்த்தார்கள் என்ற கேள்விக்கு அவருடைய கருத்தை வைத்து ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

சேர்வதற்கு முன்

● மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விச் செயலகத் தளத்தில் பல்கலைக்கழகத்தைத் தேடி, எம்.ஏ. கல்வியியல் என்ற பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். எதிரே இருப்பது ‘ஆன்லைன்’ என்ற முறையா, தொலைநிலையா? சேரப்போகும் ஜனவரி அல்லது ஜூலைப் பருவத்துக்கு அனுமதி உண்டா? பட்டியலில் இல்லாத ஒன்றை ‘அனுமதி வந்துகொண்டிருக்கிறது’ என்ற சொல்லை நம்பி ஏற்க வேண்டாம்.

● 2024-25 முதல் தொலைநிலை, இணையவழி மாணவர் ஒவ்வொருவரும் அந்தத் தளத்தில் தனக்கென அடையாள எண், அதாவது டெப் ஐடி, உருவாக்கிக்கொள்ள வேண்டும். கல்வி மதிப்பலகு வங்கிக் கணக்கும், அதாவது ஏ.பி.சி. கணக்கும், அதோடு இணைகிறது. முகவர் தன் கைப்பேசி எண்ணை வைத்து உருவாக்கித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

● அரசுப் பணியில் இருப்பவர்கள் உயர்கல்விக்குத் துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். பட்டம் வந்த பிறகு பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது முதலில் கேட்கும் தாள் அதுதான்.

● பட்டியலில் உங்கள் படிப்பின் பெயர் இருந்த பக்கத்தைச் சேரும் நாளிலேயே தேதியோடு அச்செடுத்து, பி.எட். சான்றிதழ் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள்.